போக்கும் வரத்தும்

வருகிற செவ்வாய்க்கிழமை ராத்திரி என் மகள் ஜெர்மனிக்குப் புறப்படுகிறாள். பி.எஸ்சி. நர்சிங் முடித்து, ஜெர்மன் மொழி படித்து, பி2 தேர்வை இரண்டாவது தடவையில் தாண்டி, ஒருவழியாக விசாவும் வந்துவிட்டது. நாலு நாளாகப் பெட்டி கட்டுகிறோம். அம்மா முந்திரிப்பருப்புப் பொட்டலத்தைப் பெட்டிக்குள் வைக்கிறார். எடை கூடுகிறது என்று என் மனைவி அதை எடுத்து வெளியே வைக்கிறாள். சாயங்காலம் பார்த்தால் பொட்டலம் மறுபடியும் உள்ளே இருக்கிறது.

நேற்று துணி மடித்துக்கொண்டே மகள் கேட்டாள்: "தானே புயல் அன்னைக்கு நீங்க ஆப்பிரிக்காவுல இருந்தீங்கல்ல, எங்களுக்காக ஜெபம் பண்ணீங்களாப்பா?"

2011 டிசம்பர் கடைசியில் எங்கள் கடலூர் பக்கம் அடித்த புயல் அது. அவளுக்கு அப்போது எட்டு வயது. பண்ணினேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம். வாய் வரவில்லை. அப்புறம் சொல்கிறேன் என்றேன். உட்கார்ந்து பேசினால் பாதியில் தொண்டை அடைத்துக்கொள்ளும் என்று தெரியும். அதனால் எழுதுகிறேன். அவள் விமானத்தில் படித்துக்கொள்ளட்டும்.

எங்கள் ஊர் நெல்லிக்குப்பம் பக்கம். கடலூரிலிருந்து பண்ருட்டி போகிற பஸ்ஸில் ஏறினால் அரை மணி, முக்கால் மணி நேரம். எங்கள் லுத்தரன் சபை இந்தப் பக்கம் தொடங்கியது 1860களில். ஜெர்மனியின் லைப்சிக் மிஷனில் இருந்த கார்ல் ஓக்ஸ் என்பவர், சபைக்குள்ளேயே சாதி வித்தியாசத்துக்கு இடம் கொடுப்பதை ஒத்துக்கொள்ள முடியாமல் விலகி, மேல்பட்டாம்பாக்கத்துக்கு வந்து ஊழியத்தை ஆரம்பித்தார். டென்மார்க் மிஷன் சங்கம் அவரைத் தாங்கியது. இன்றைக்கு ஆற்காடு லுத்தரன் திருச்சபை என்று நாங்கள் சொல்வது அதன் தொடர்ச்சிதான். பெரிய ஆட்கள் முன்னால் உட்காரக் கூடாது என்றிருந்த எங்கள் முன்னோரைப் பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் உட்கார வைத்த சபை அது. கடல் தாண்டி வந்த ஒருவரால் எங்களுக்குக் கிடைத்த விசுவாசம். அதனால்தானோ என்னவோ, எங்கள் வீட்டில் யாராவது வெளியூருக்கு வேலைக்குப் போகிறேன் என்றால் அழுகிறவர்கள் அழுவார்கள், தடுக்கிறவர்கள் கிடையாது.

அழுது முடித்ததும் வாசற்படியில் நிறுத்தி வேதாகமத்தின் 121-ஆம் சங்கீதம் வாசிப்பார்கள். 'எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்' என்று தொடங்கி, 'கர்த்தர் உன் போக்கையும் உன் வரத்தையும் இதுமுதற்கொண்டு என்றைக்குங் காப்பார்' என்று முடியும். மொத்தம் எட்டே வசனம். பிளஸ் டூ முடித்து ராணுவ மருத்துவப் படையில், ஏ.எம்.சி. என்போம், சேர்ந்து லக்னோவுக்குப் பயிற்சிக்குப் போனபோது அப்பா வாசித்தார். நர்சிங் அசிஸ்டென்ட் வேலை. அப்பா போனபிறகு ஒவ்வொரு லீவு முடிந்து கிளம்பும்போதும் அம்மா வாசிப்பார். அத்தனை வருஷமும் அந்தச் சங்கீதம் எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்ற நினைப்போடுதான் காதில் விழுந்திருக்கிறது. இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

2011-இல் ஐ.நா. அமைதிப்படைக்கு என் பெயர் வந்தது. காங்கோ ஜனநாயகக் குடியரசில் கோமா என்ற ஊர். அங்கே நம் இந்திய ராணுவம் நடத்துகிற மருத்துவமனை இருந்தது. ஐ.நா. படைகளில் காயம்பட்டவர்கள், நோயாளிகள் எல்லோரையும் அங்கே கொண்டுவருவார்கள். போனில் ஊர் பெயரைச் சொன்னதும் என் மனைவி ஒரு நொடி பேசவில்லை. "பேரே இப்படியா இருக்கும்?" என்றாள்.

கிவு ஏரிக்கரையில் ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரத்தில் இருக்கிறது கோமா. ராத்திரியில் நன்றாகக் குளிரும். ஊருக்கு வடக்கே நியிராகோங்கோ என்ற எரிமலை. 3,470 மீட்டர். 2002 ஜனவரியில் அது வெடித்து, எரிகுழம்பு ஊருக்குள் ஆறாக ஓடி, விமான நிலைய ஓடுபாதையின் ஒரு பகுதியையே மூடிவிட்டு ஏரியில் போய் இறங்கியது. நாங்கள் போனபோதும் தெருவெல்லாம் கறுப்புக் கல்தான். வீட்டுச் சுவர், வேலி எல்லாம் அதே கல். மேகம் இல்லாத ராத்திரியில் மலை உச்சிக்கு மேலே வானம் சிவப்பாகத் தெரியும். முதல் நாள் ராத்திரி அதைப் பார்த்துவிட்டு அந்தச் சங்கீதத்தின் முதல் வசனம் ஞாபகம் வந்தது. இந்த மலைக்கு நேராகக் கண்ணை ஏறெடுத்தால் ஒத்தாசையா வரும், வயிற்றைக் கலக்கியது. அப்போதுதான், இருபது வருஷத்தில் முதல் தடவையாக, இரண்டாவது வசனத்தைக் கவனித்தேன். ஒத்தாசை மலையிலிருந்து வருகிறது என்று சங்கீதக்காரர் சொல்லவே இல்லை. 'வானத்தையும் பூமியையும் உண்டாக்கின கர்த்தரிடத்திலிருந்து' என்கிறார்.

வார்டைப் பெருக்கித் துடைக்க உள்ளூர்ப் பெண்மணி ஒருவர் வருவார். ஐம்பது வயது இருக்கும். அங்கே பெரிய பெண்களை 'மாமா' என்றுதான் மரியாதையாகக் கூப்பிட வேண்டும். சுவாகிலி மொழியில் அம்மா என்று அர்த்தம். தமிழன் வாய்க்கு அது பழக ஒரு மாதம் ஆயிற்று. 2002 எரிகுழம்பில் வீட்டை இழந்தவர். எங்கே உங்கள் வீடு இருந்தது என்று கேட்டால் காலால் தரையைத் தட்டிக் காட்டுவார், இதற்கு அடியில் என்று. காலையில் பார்த்ததும் "ப்வானா அசிஃபிவே" என்பார். நம் 'கர்த்தருக்கு ஸ்தோத்திரம்' மாதிரி. நான் ஆமென் என்பேன். எங்களுக்குள் பொதுவாக இருந்த பேச்சு ஏறக்குறைய அவ்வளவுதான்.

ஒரு நாள் அவருடைய பையில் வேதாகமம் பார்த்து, 121 என்று விரலால் காட்டினேன். எடுத்து மெதுவாக வாசித்தார். ஐந்தாம் வசனத்தில் நிறுத்தினார். 'ப்வானா ந்தியே ம்லின்ஸி வாக்கோ.' நம் வேதாகமத்தில் 'கர்த்தர் உன்னைக் காக்கிறவர்'. ம்லின்ஸி என்றால் என்ன என்று கேட்டேன். அவர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினார். கேட்டில் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு டார்ச்சோடு உட்கார்ந்திருந்த வாட்ச்மேன். அவர்தான் ம்லின்ஸி. அந்த ஊரில் கடைக்கும் வீட்டுக்கும் ராத்திரிக் காவல் இருக்கிறவனுக்கும் அதே சொல். 'காக்கிறவர்' என்று சின்ன வயசிலிருந்து எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! கால் கடுக்க, குளிரில், தூங்காமல் உட்கார்ந்திருக்கிற ஒரு ஆளாக நான் நினைத்ததே இல்லை.

டிசம்பர் 28-ஆம் தேதி ஹெலிகாப்டரில் ஒரு பையனைக் கொண்டுவந்தார்கள். வேறொரு நாட்டுப் படைவீரன், இருபத்தாறு வயது. மலேரியா மூளைக்கு ஏறியிருந்தது. கண் திறந்திருக்கும், ஆளைத் தெரியாது. அவன் மொழியில் ஏதோ சொல்லிக்கொண்டே இருப்பான். 29 ராத்திரி எனக்கு டூட்டி.

அன்றைக்குச் சாயங்காலம் அம்மாவிடம் பேசினேன். தானே என்று ஒரு புயல் வருகிறது, கடலூர் பக்கம்தான் கரை ஏறும் என்று செய்தியில் பார்த்திருந்தேன். எங்கள் வீடு நாட்டு ஓடு. "பள்ளிக்கூடத்துக்குப் போயிடறோம்டா தம்பி, ஐயர் சாவி குடுத்திருக்காரு" என்றார் அம்மா. எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். பள்ளிக்கூடத்தில் புதிதாகக் கட்டிய கான்கிரீட் வகுப்பறை ஒன்று இருந்தது. அதற்குள் லைன் இரைய ஆரம்பித்தது. பிள்ளையிடம் பேசணும் என்றேன். அம்மா "என்னது, என்னது" என்று கேட்பது காதில் விழுந்தது. அதோடு சரி.

டூட்டிக்குப் போகும்போது மனசில் ஒரு திட்டம் இருந்தது. பையனுக்கு மருந்து போட்டுவிட்டு, ராத்திரி ஒரு மணிக்கு மேல் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து விடிய விடிய ஜெபிப்பது. சின்ன வேதாகமம் சட்டைப் பையில் இருந்தது. அதை வெளியே எடுக்கவே இல்லை.

பையனுக்கு ஜுரம் நூற்றி நாலுக்கு ஏறியது. வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து, பிழிந்து, நெற்றி, கழுத்து, அக்குள், தொடை என்று துடைத்துக்கொண்டே இருந்தேன். துணி இரண்டு நிமிஷத்தில் சுடும். மறுபடி நனைக்க வேண்டும். கையில் டிரிப் ஏறுகிறது, அவன் அதைப் பிடுங்கப் பார்க்கிறான். என் சட்டையின் மேல் பொத்தானைப் பிடித்துக்கொண்டால் மட்டும் சற்று அடங்குவான். அதனால் குனிந்தபடியே, அவன் பிடிக்குள் பொத்தானைக் கொடுத்துவிட்டு, ஒரு கையால் துடைத்தேன். கடுமையான மலேரியாவில் ரத்தத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கும், அதுவே ஆளைக் கொன்றுவிடும். அதனால் விரலில் குத்திப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு தடவை பார்த்தபோது 46. டாக்டரை எழுப்பி, டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைக் கரைசலை ஏற்றி, மறுபடி பார்த்து, 110 வந்ததும் சார்ட்டில் நேரத்தை எழுதினேன். 3.40.

காங்கோ கடிகாரத்தோடு மூன்றரை மணி நேரத்தைக் கூட்டினால் நம் நேரம். காலை 7.10. டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே தானே கரையைக் கடந்தது 6.30 மணியிலிருந்து 7.30 மணிக்குள். அந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்தது ரொம்ப நாள் கழித்து. அந்த நேரத்தில் எனக்குக் கடலூர் ஞாபகமே இல்லை. என் அம்மா, மனைவி, பிள்ளை யாரும் ஞாபகத்தில் இல்லை. அந்தப் பையனின் விரலும், சர்க்கரை பார்க்கிற மிஷினும்தான் இருந்தது.

விடிந்து ஆள் மாறியபிறகு போன் போட்டேன். போகவில்லை. புதுச்சேரியில் இருக்கிற அக்காவுக்குப் போட்டேன். அதுவும் போகவில்லை. கையில் போனை வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தபோதுதான் உடம்பெல்லாம் உதறியது. ஜெபிக்காமல் விட்டுவிட்டேனே! ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையே! காவல் இருக்க வேண்டிய ராத்திரியில் கேட்டைத் திறந்து போட்டுவிட்டு வேறெங்கோ போனவன் மாதிரி இருந்தது எனக்கு.

பையன் 31-ஆம் தேதி சாயங்காலம் இறந்துபோனான்.

அன்று ராத்திரி வருஷக் கடைசி ஆராதனை. எங்கள் முகாமில் எல்லா மதத்தாருக்கும் பொதுவாக ஒரு வழிபாட்டு அறை இருந்தது. அதில் ஏழு பேர் கூடினோம். நான் ஒருவன் தமிழ், மூன்று பேர் கேரளா, இரண்டு பேர் மிசோரம், ஒருவர் நாகாலாந்து. அவரவர் மொழியில் ஒரு சங்கீதம் வாசிக்கலாம் என்றார்கள். எனக்கு வாயில் இருந்தது அது ஒன்றுதான். ஏழாம் வசனத்துக்கு வந்தேன். 'கர்த்தர் உன்னை எல்லாத் தீங்குக்கும் விலக்கிக் காப்பார்.' அந்தப் பையனை விலக்கிக் காக்கவில்லையே. அவனுக்கும் யாராவது இதை வாசித்து அனுப்பியிருப்பார்கள். என் வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று அந்த நிமிஷம் எனக்குத் தெரியாது. வாசிப்பை நிறுத்திவிட்டேன். பக்கத்தில் இருந்த மிசோ தம்பி என் கையிலிருந்த வேதாகமத்தைப் பிடித்துக்கொண்டான். தமிழ் எழுத்து அவனுக்குத் தெரியாது. நான் மறுபடி ஆரம்பிக்கும்வரை சும்மா பிடித்துக்கொண்டிருந்தான்.

ஜனவரி 3-ஆம் தேதி அம்மாவின் குரல் கேட்டது. கரண்ட் இல்லை, வர எத்தனை நாள் ஆகுமோ தெரியவில்லை, யாரோ வண்டி பேட்டரியில் சார்ஜ் ஏற்றிக் கொடுத்த போன். எல்லாரும் இருக்கிறோம் என்றார். ஓடு மொத்தமும் போய்விட்டது. அப்பா வைத்த பலாமரம் வேரோடு சாய்ந்து அடுப்படி மேல் கிடக்கிறது. பண்ருட்டி பக்கம் இருந்த அரைக் காணி முந்திரியில் நிற்கிற மரம் ஒன்றுகூட இல்லை. கடலூர் மாவட்டத்தில் அன்றைக்கு அப்படி இழக்காத முந்திரிக்காரர் குறைவு. பக்கத்துத் தெருவில் சுவர் விழுந்து ஒருவர் இறந்துபோனார், எனக்கு மரம் ஏறக் கற்றுக்கொடுத்தவர்.

நான் அழுதுவிட்டேன். "அம்மா, அன்னைக்கு ராத்திரி நான் ஜெபம் பண்ணலம்மா. டூட்டியில இருந்துட்டேன்" என்றேன்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார். "நானும் எங்கடா பண்ணேன்? ஜன்னல் கதவு பிச்சிக்கிட்டுப் போயிடுச்சி. மழை உள்ள அடிக்கிது. பெஞ்ச நிமித்தி ஜன்னல்ல சாத்தி, நானும் உன் பொண்டாட்டியும் எதுத்த வீட்டு ஆளுங்களும் மாத்தி மாத்தி முதுகு குடுத்துத் தள்ளிக்கிட்டு நின்னோம், மூணு மணி நேரம். நீ பண்ணுவேன்னு நெனச்சிக்கிட்டேன்."

பிள்ளை பயந்துபோனாளா என்று கேட்டேன்.

"அவளா? அவ தூங்கினா. மூலையில போர்வையைச் சுத்திப் படுக்க வெச்சேன். அத்தினி சத்தத்துல, விடிஞ்சி எட்டு மணி வரைக்கும் தூங்கினா பாரு!"

மகளே, உன் கேள்விக்குப் பதில் இதுதான். நான் ஜெபிக்கவில்லை. உன் ஆயா ஜெபிக்கவில்லை. ஆயா ஜெபிப்பாள் என்று நான் இருந்தேன், நான் ஜெபிப்பேன் என்று ஆயா இருந்தாள். உன் அம்மாவின் முதுகு பெஞ்சில் இருந்தது. என் கை யாரோ ஒருவர் பெற்ற பிள்ளையின் நெற்றியில் இருந்தது. நீ தூங்கினாய். 'உன்னைக் காக்கிறவர் உறங்கார்' என்ற வசனத்தை அன்றைக்குப் பிறகு என்னால் பழைய மாதிரி வாசிக்க முடியவில்லை. எங்கள் ஜெபத்தைக் கேட்டுத்தான் அவர் விழித்தார் என்று சொல்ல எனக்கு வழி இல்லை. அவர் முன்னமே விழித்திருந்தார்.

அந்தப் பையனுக்கு என்ன பதில் என்று நீ கேட்கலாம். கேட்க வேண்டும். என்னிடம் முழுப் பதில் இல்லை. அவன் தனியாகச் சாகவில்லை, அது மட்டும் தெரியும். கடைசி ராத்திரிகளில் அவன் கைக்கு ஒரு பொத்தான் இருந்தது. நீ நர்ஸாகப் போகிறாய். அது எவ்வளவு பெரியது என்று உனக்கே தெரியவரும்.

லீவு கேட்டு எழுதட்டுமா என்று அம்மாவிடம் கேட்டபோது, "ஓடு மாத்த இங்க ஆள் இருக்கு. அங்க உன் வேலையை யார் பாக்கறது?" என்றுவிட்டார். ஐ.நா. பணத்தில் வீட்டை மெத்தை வீடாகக் கட்டணும் என்று வைத்திருந்த கனவு அந்த வருஷம் ஓட்டுக்கும் கடனுக்கும் போனது. முந்திரிக் கன்று வைத்துப் பலன் பார்க்க நாலைந்து வருஷம் பிடித்தது. அது தனிக் கதை.

2012-இல் ஊருக்குத் திரும்பிய முதல் ஞாயிறு, ஐயர் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார். தேவன் என் குடும்பத்தைக் காப்பாற்றினார் என்று நான் சொல்வேன் என எல்லாரும் எதிர்பார்த்திருப்பார்கள். முன் வரிசையில் சுவர் விழுந்து இறந்தவருடைய மனைவி உட்கார்ந்திருந்தார். அந்த அக்கா முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை நான் எப்படிச் சொல்வேன்? அவர் வீட்டில் மட்டும் கர்த்தர் தூங்கிவிட்டாரா? இப்படிச் சாட்சி சொல்வது நம் சபைகளில் ரொம்பச் சுலபமாக நடக்கிறது, எனக்கு அது வருத்தம். நான் ம்லின்ஸி கதையைச் சொன்னேன். பெஞ்சைச் சொன்னேன். அந்தப் பையனுக்காக ஒரு நிமிஷம் எழுந்து நிற்கச் சொன்னேன். ஆராதனை முடிந்ததும் அந்த அக்கா வந்து, "அந்தப் பையன் பேரு என்ன தம்பி?" என்று கேட்டார். சொன்னேன். அடுத்த வருஷம் டிசம்பரில் தன் புருஷன் பேரில் காணிக்கை போட்டபோது, அவன் பேரையும் சேர்த்து எழுதிக் கொடுத்திருந்தார்.

சாய்ந்த பலாமரத்தை அம்மா விற்கவில்லை. புயலுக்கப்புறம் பலாமரம் அடிமாட்டு விலைக்குப் போனது. வீணை செய்கிற மரம், விறகு விலைக்குக் கேட்டார்கள். அம்மா அதை அறுத்து நம் வாசல் கதவு செய்துவிட்டார். நீ தினமும் சாத்தித் திறக்கிற கதவு அதுதான். மஞ்சளாக இருந்த மரம் இப்போது தேன் நிறத்துக்கு வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை வரை பொறுக்காமல், இந்த வாரம் முழுக்க அம்மா தினம் ராத்திரி அந்தக் கதவோரம் நாற்காலி போட்டு, மகளை எதிரே உட்காரவைத்துச் சங்கீதம் வாசிக்கிறார். எழுபத்தெட்டு வயசு. பகலெல்லாம் முந்திரி உடைத்த களைப்பு. இப்போதும் அந்தச் சத்தம்தான் கேட்டுக்கொண்டிருந்தது. "இதோ, இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை..." என்று குரல் இழுத்து, நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தேன். கண்ணாடி மூக்கில் இறங்கி, தலை கதவில் சாய்ந்து, அம்மா தூங்கிப்போயிருந்தார். மகள் எழுப்பவில்லை. மடியிலிருந்த வேதாகமத்தை மெதுவாகத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, மீதி வசனங்களைச் சத்தம் வராமல் வாசித்துக்கொண்டிருந்தாள்.